வேலிக்கு அந்தப் பக்கம்: கோபாட் ஆராய்ச்சிக்குள் நுழைய தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஓசூர் சிப்காட் பக்கம் வேலைக்குப் போகிற யாரிடமும் ரோபோ பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டால், "எங்க லைன்லயே இருக்கே" என்பார்கள். கொஞ்சம் தோண்டிக் கேட்டால், பார்த்ததெல்லாம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான். ஆள் உயரத்துக்குக் கம்பி வலை, உள்ளே வெல்டிங் போட்டுக்கொண்டிருக்கும் பெரிய கை. கதவைத் திறந்தால் கை நின்றுவிடும், சூப்பர்வைசர் ஓடி வருவார். நானும் அப்படித்தான் பார்த்தேன், மெயின்டெனன்ஸ் வேலையில் மூன்று வருடம்.

அந்த வேலியை எடுத்துவிட்டால்? ஆளும் ரோபோவும் ஒரே மேசையில், ஒரே பொருளைக் கைமாற்றி வேலை செய்ய வேண்டும் என்றால் என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்? பல்கலைக்கழகங்களில் இதை மட்டுமே ஆராய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆய்வகங்களில் எச்ஆர்ஐ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மனிதருக்கும் ரோபோவுக்கும் இடையில் நடப்பது எல்லாம் அதில் அடக்கம். ஆளோடு சேர்ந்து வேலை செய்யும் ரோபோவுக்குக் கோபாட் என்று பெயர். நம் இரண்டு மாவட்டத்திலும் ஐடிஐ, டிப்ளமோ, பி.இ. படிக்கிறவர்களும், அவர்களுக்குப் பாடம் எடுக்கிறவர்களும் இதற்குள் நுழையும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரிய லேப் இல்லாமலே பாதி தூரம் வந்துவிடலாம்.

"எந்த கோர்ஸ் சேரணும் சார்?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். கோர்ஸ் கடைசியில் வருகிறது. பொறுங்கள்.

படி 1: வேலி ஏன் இருந்தது, எப்படிப் போனது

கோபாட் என்ற சொல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. எட்வர்ட் கோல்கேட், மைக்கேல் பெஷ்கின் என்ற இரண்டு பேராசிரியர்கள், 1990களின் நடுவில், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்காக இறங்கிய வேலை அது. காரிலிருந்து கதவைக் கழற்றி எடுப்பதுபோன்ற கனமான, ஆனால் பதமாகச் செய்ய வேண்டிய காரியம். அவர்கள் செய்த முதல் கோபாட்டுக்குத் தானாக நகரும் பலமே கிடையாது. தள்ளுவது ஆள், எந்தப் பக்கம் போகலாம், போகக் கூடாது என்று சக்கரத்தைத் திருப்பி வழிகாட்டுவது மட்டும்தான் எந்திரம். ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிறோமே, அதுபோல. பென்சிலை ஓட்டுவது நம் கை, கோணாமல் பார்த்துக்கொள்வது ஸ்கேல். பலமில்லாத எந்திரத்தால் யாரையும் அடிக்க முடியாது என்பதுதான் அதன் பாதுகாப்பு.

இன்றைக்குக் கம்பெனிகளில் பார்க்கும் கோபாட்டுக்கு மோட்டார் உண்டு. டென்மார்க்கின் ஓடென்ஸ் ஊரில் பல்கலைக்கழக ஆய்வகத்திலிருந்து வெளியே வந்த மூன்று பேர் 2005ல் யுனிவர்சல் ரோபோட்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கி, 2008ல் முதல் கையை விற்றார்கள். அந்த யூஆர்5 கை 18 கிலோ சொச்சம், 5 கிலோ தூக்கும், 85 சென்டிமீட்டர் எட்டும். அரை மூட்டை சிமெண்டைவிட எடை குறைவு. தூக்கிக் கொண்டுபோய் இன்னொரு மேசையில் மாட்டிவிடலாம். இந்தியாவில் புனே பக்கம் சாக்கனில் உள்ள பஜாஜ் ஆட்டோ 2010லேயே இவற்றை லைனில் நிறுத்தியது.

ஆளோடு ஒரே இடத்தில் ரோபோ வேலை செய்ய நான்கு முறைகளை உலகத் தரநிலை வகுத்தது. ஆள் உள்ளே வந்தால் அப்படியே நிற்பது ஒன்று. ஆளே கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போவது இரண்டாவது. ஆள் நெருங்க நெருங்க வேகத்தைக் குறைப்பது மூன்றாவது. தொட்டாலும் அடிபடாத அளவுக்குப் பலத்தை அடக்கி வைப்பது நான்காவது. எல்லோரும் பேசுவது இந்த நான்காவதைப் பற்றித்தான், குழம்புவதும் அதில்தான்.

குழப்பம் தீர ஒரு காரியம் செய்யுங்கள். ஆள் எடை பார்க்கும் மெஷின் ஒன்றை மேசைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். முள் 14 கிலோவைத் தொட்டதும் நிறுத்துங்கள். ஏறக்குறைய அதுதான் 140 நியூட்டன். ரோபோ உங்கள் கையை மேசையோடு சேர்த்து நசுக்க நேர்ந்தால் தாண்டக் கூடாத எல்லை என்று 2016ல் வந்த ஐஎஸ்ஓ (உலகத் தரநிலை அமைப்பு) டிஎஸ் 15066 ஆவணம் சொல்லும் அளவு. வயிற்றுக்கு 110, முதுகுக்கும் தோளுக்கும் 210. முகத்துக்கு 65 என்று அட்டவணையில் இருந்தாலும், முகத்தில் படும்படி வேலையை அமைக்கவே கூடாது. பலம் மட்டும் பார்த்தால் போதாது, அது எவ்வளவு இடத்தில் இறங்குகிறது என்பதும் கணக்கு. அதே 14 கிலோவை உள்ளங்கைக்குப் பதில் ஒரு பேனா மூடியால் வாங்கிப் பாருங்கள், இல்லை, வேண்டாம். அந்த அழுத்தக் கணக்குக்காக ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் 100 பேரை உட்காரவைத்து, உடம்பில் 29 இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, வலி எங்கே தொடங்குகிறது என்று அவர்களையே சொல்லவைத்துக் குறித்தார்கள். எந்திரத்துக்கான சட்டம், ஆளின் "ஆ" என்ற சத்தத்திலிருந்து வந்திருக்கிறது. இந்தத் துறையின் புத்தி அதில் முழுதாகத் தெரிகிறது என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று. கோபாட் என்று பெட்டியில் எழுதியிருப்பதால் அது பாதுகாப்பானது ஆகிவிடாது. கையில் கத்தியைக் கொடுத்தால் மென்மையான ரோபோவும் கத்தி பிடித்த ரோபோதான். அதனால்தான் 2025ல் திருத்தி வந்த ஐஎஸ்ஓ 10218, ரோபோவைப் பார்த்து "கூட்டு" என்று சொல்வதை விட்டுவிட்டு, அது செய்யும் வேலையைப் பார்த்துச் சொல்கிறது. நேர்முகத் தேர்வில் இதைச் சொல்லிப் பாருங்கள், எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

படி 2: ஒரு வேலையை உட்கார்ந்து பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். லேப்டாப்பை மூடிவிட்டு, மனிதர் கையால் செய்யும் ஒரு வேலையை இரண்டு மணி நேரம் வாய் திறக்காமல் பாருங்கள். நம் ஊரில் அதற்குப் பஞ்சமா? தருமபுரியில் பட்டு நூற்கிற இடத்தில் கொதிநீரில் கிடக்கும் கூட்டிலிருந்து நூல் நுனியைப் பிடிப்பது, ராயக்கோட்டை மண்டியில் தக்காளி தரம் பிரிப்பது, ஓசூர் ரோஜாவைக் கட்டுக் கட்டுவது, கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில் மாம்பழம் தேர்வது.

நான் பார்த்தது புளி. மாசி, பங்குனியில் தருமபுரிப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் திண்ணையிலும் மரத்தடியிலும் புளி தட்டுவார்கள். ஓடு நீக்கி, தட்டி, கொட்டை எடுத்து, நார் உரித்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. "தட்டுறதுதானே, அதை ரோபோகிட்ட கொடுத்துரலாம்" என்ற நினைப்போடுதான் போனேன்.

ஒரு அக்கா பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்தேன். கல்லின் மேல் புளி, வலது கையில் சின்ன இரும்புச் சுத்தி. முதல் அரை மணி நேரம் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் புரிந்தது, வேலை இடது கையில் நடக்கிறது. கட்டைவிரல் புளியைத் தடவி, கொட்டை எங்கே மேடாக இருக்கிறது என்று பார்த்து, கால்வாசி திருப்பி வைக்கிறது. சுத்தி இறங்குகிறது. விரல் அதற்குள் விலகியிருக்கிறது. அவர் கண் புளியில் இல்லை, எதிர் வீட்டு மருமகளோடு பேச்சில் இருந்தது. ஒரு தடவைகூட விரலில் அடி படவில்லை. ஈரம் கூடிய புளி வந்தால் மட்டும் பேச்சு நின்றது.

நான் ரோபோவுக்குக் கொடுக்க நினைத்தது தட்டும் வேலை. அது அவருக்குச் சிரமமே இல்லை. சிரமம் எங்கே என்று கேட்டபோது, "குந்தி இருந்துட்டு எந்திரிச்சுப் போய்ச் சாக்கு இழுக்கறதுதான் தம்பி, இடுப்பு விட்டுப்போவுது" என்றார். கை எட்டும் தூரத்தில் ஓடு நீக்கிய புளி வந்துகொண்டே இருந்து, கொட்டை நிறைந்த தட்டு தானாக நகர்ந்துவிட்டால் அவர் எழவே வேண்டாம். கட்டைவிரல் செய்ததைச் செய்யும் ரோபோ விரல் இன்னும் பெரிய ஆய்வகங்களிலேயே தலைவலிதான். தட்டை எடுத்து வைக்கும் கையை ஒரு டிப்ளமோ மாணவர் செய்துவிடலாம்.

குறிப்பெடுக்கும்போது நான்கு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: நேரம், வலது கை, இடது கை, கண். அவ்வளவு போதும். போன் வைத்து வீடியோ எடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே கேளுங்கள், முகம் வராமல் கை மட்டும் எடுங்கள், எடுத்ததை அவர்களுக்கே போட்டுக் காட்டுங்கள்.

கிளம்பும்போது அந்த அக்கா கேட்டார்: "இது வந்தா எங்களுக்குக் கூலி இருக்குமா?" உங்களையும் கேட்பார்கள். "வேலை போகாதுங்க" என்று அவசரமாகச் சொல்லிவிடாதீர்கள். அது உங்கள் கையில் இல்லாத வாக்குறுதி. நான் "தெரியலக்கா, அதையும் சேர்த்துத்தான் பாக்கணும்" என்றேன். திருப்தியாகச் சிரிக்கவில்லை, ஆனால் அடுத்த நாளும் சாக்கு விரித்துக் கொடுத்தார்.

படி 3: கேள்வியாக மாற்றுங்கள்

"புளி தட்டும் ரோபோ" என்பது பிராஜெக்ட் தலைப்பு. ஆராய்ச்சிக் கேள்வி அல்ல. ஒரு பொருளைச் செய்து முடித்தால் பிராஜெக்ட் முடிந்துவிடும். ஆராய்ச்சி என்றால், விடை எப்படி வந்தாலும் உலகத்துக்கு ஏதோ ஒன்று தெரியவந்திருக்க வேண்டும்.

கூலிக் கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். கிலோ கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு வேகம்தான் பணம். தட்டு எப்போது வர வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது? ரோபோ தன் கணக்கில் 40 நொடிக்கு ஒருமுறை நீட்டினால், அந்த அக்கா ரோபோவின் தாளத்துக்கு ஓட வேண்டும். அவர் தலையசைத்தால் அல்லது காலால் ஒரு மிதியை அழுத்தினால் வரும் என்றால், ரோபோ அவர் தாளத்துக்கு வரும். இரண்டில் எதில் ஒரு மணி நேரத்துக்கு அதிகப் புளி ஆகிறது, எதில் களைப்பு குறைவு, எதில் பேச்சு நிற்காமல் ஓடுகிறது? இது கேள்வி. இதை ஓசூரில் பாகம் கோக்கும் பெண்ணுக்கும் கேட்கலாம், ஜெர்மனிக்காரர் அவர் ஊர் லைனுக்கும் கேட்கலாம்.

பெரிய ஆய்வகங்களிலும் நல்ல கேள்விகள் இப்படி எளிமையாகத்தான் இருக்கும். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மானுவேலா வெலோசோ குழுவின் ரோபோக்கள் கட்டடத்துக்குள் தாமாகச் சுற்றிப் பொருள் கொண்டுபோய்க் கொடுத்தன. அவற்றுக்குக் கை கிடையாது. லிப்ட் பட்டனை எப்படி அழுத்தும்? ரோபோவுக்குக் கை மாட்டிச் செய்யலாம், செலவு. அவர்கள், அங்கே நிற்கிற ஆளிடம் "கொஞ்சம் பட்டனை அழுத்துங்களேன்" என்று ரோபோவைக் கேட்கவைத்தார்கள். யாரிடம், எப்போது, எப்படி உதவி கேட்டால் மனிதர் சலிக்காமல் செய்வார் என்பதே ஆராய்ச்சி ஆனது. அப்படியே 1000 கிலோமீட்டருக்கு மேல் ஓடின. அதே நாட்டின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜூலி ஷா குழு வேறு வழி பார்த்தது: பயிற்சியின்போது ஆளும் ரோபோவும் வேலையை மாற்றிக்கொண்டால் ஒருவர் புத்தி இன்னொருவருக்குப் பிடிபடுகிறதா என்று. கபடி டீமில் ஆளை மாற்றிப் பயிற்சி எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

படி 4: லேப்டாப்பில் ரோபோ

இது சீக்கிரம் சொல்லிவிடலாம். 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப், அதில் விண்டோஸ்போல இயங்குதளமான உபுண்டு 24.04, அதன்மேல் ரோஸ் 2. ரோஸ் என்பது உலகத்தில் பெரும்பாலான ரோபோ ஆய்வகங்கள் பயன்படுத்தும் இலவச மென்பொருள் அடுக்கு. 2024ல் வந்த ஜாஸி பதிப்பை 2029 வரை பராமரிப்பார்கள், அதையே போடுங்கள். எச்சரிக்கை ஒன்று: பழைய ரோஸ் 1ன் கடைசிப் பதிப்புக்கு 2025 மே மாதத்தோடு பராமரிப்பு முடிந்துவிட்டது, ஆனால் யூடியூபில் பாடங்கள் அப்படியே கிடக்கின்றன. வீடியோவில் "கேட்கின் மேக்" என்று கட்டளை அடித்தால் மூடிவிடுங்கள். "கோல்கான்" என்று அடித்தால் பாருங்கள். இது தெரியாமல் இரண்டு வாரம் எரர் மெசேஜோடு மல்லுக்கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

முதல் வாரம் டர்டில்சிம் என்ற பழகும் மென்பொருள், அதில் திரையில் வரும் ஆமையைச் சதுரமாக ஓட்டுங்கள். அப்புறம் கஸீபோ என்ற சிமுலேட்டரில் ஒரு ரோபோ கையை நிறுத்தி, கையின் அசைவைத் திட்டமிடும் மூவ்இட் வைத்து ஒரு டம்ளரை எடுத்து வையுங்கள். யுனிவர்சல் ரோபோட்ஸ் தன் சிமுலேட்டரையும் ஆன்லைன் பாடத்தையும் இலவசமாகவே தருகிறது. உண்மையான கோபாட்டின் திரையில் என்னென்ன பட்டன் இருக்கும் என்று வீட்டிலிருந்தே பழகிவிடலாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது மட்டும் தெரிந்தாலே ஒரு படி முன்னால்.

படி 5: ஒரு ரோபோ கை கட்டுங்கள், ஆனால் நம்பாதீர்கள்

சிமுலேட்டரில் ரோபோ யாரையும் பயமுறுத்தாது. மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து பயப்படுவதைப் பார்க்க வேண்டும் என்றால் நகரும் பொருள் ஒன்று வேண்டும். எம்ஜி996ஆர் சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சின்ன மோட்டார்) நான்கைந்து, பிசிஏ9685 டிரைவர் பலகை ஒன்று, புரோகிராம் எழுதி ஓட்ட ஒரு ஆர்டுயினோ பலகை, அக்ரிலிக் அல்லது ஒட்டுப்பலகை உடம்பு. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கும், காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் திரும்பிவிடலாம்.

சர்வோவுக்கு ஆர்டுயினோவிலிருந்தே கரண்ட் எடுக்காதீர்கள். ஒரு சர்வோ முட்டிக்கொண்டு நின்றால் இரண்டரை ஆம்பியர்வரை இழுக்கும். ஆர்டுயினோ மயங்கி விழுந்து ரீசெட் ஆகும். 5 வோல்ட், 10 ஆம்பியர் பவர் சப்ளை தனியாக வையுங்கள், தரைக் கம்பியை மட்டும் இரண்டுக்கும் பொதுவாக இணையுங்கள்.

இனி என் கதை. முதல் கையை வீட்டு மேசையில் கட்டிவிட்டு, தம்பி மகனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தேன். கரண்ட் போனது. கை தொய்ந்து கீழே சரிந்தது. "தூங்கிருச்சு" என்று பையன் குனிந்து பார்த்தான். கரண்ட் வந்தது. கை ஒரே எட்டில் பழைய இடத்துக்குத் துள்ளியது, பக்கத்தில் இருந்த டீ டம்ளர் சுவரில் போய் அடித்தது. பையன் தலை அந்தப் பக்கம் இருந்தது, பிழைத்தோம்.

விலை குறைந்த சர்வோவுக்கு, கரண்ட் வரும் நேரத்தில் தான் எங்கே இருக்கிறோம் என்று நிதானிக்கத் தெரியாது. சொன்ன கோணத்துக்கு முழு வேகத்தில் பாயும். கம்பெனி ரோபோவில் இப்படி நடக்கக் கூடாது, ஏனென்றால் மின்சாரம் திரும்பியவுடன் தானாக ஓடத் தொடங்கக் கூடாது, ஆள் வேண்டுமென்றே ஒரு பட்டனை அழுத்தித்தான் மறுபடி தொடங்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. உங்கள் ரோபோ கைக்கும் அதையே செய்யுங்கள். சர்வோவுக்குப் போகும் கம்பியில் ஒரு ரிலே, அதாவது கரண்ட்டால் இயங்கும் சுவிட்ச். கரண்ட் போனால் விடுபடும், பட்டன் அழுத்தினால்தான் சேரும். அதே கம்பியில் காளான் தலை சிவப்புப் பட்டன் ஒன்று, உட்கார்ந்திருக்கும் ஆளின் கைக்கு எட்டும் இடத்தில். உங்கள் கைக்கு அல்ல, அவர் கைக்கு. பட்டனை அழுத்தினால் ரோபோ கை தொய்ந்து விழும் என்பதையும் மறக்காதீர்கள், கீழே யார் விரலும் இருக்கக் கூடாது. கற்றுக்கொடுக்கும்போது பெரிய ரோபோவே நொடிக்கு 25 சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது என்பது கணக்கு; நீங்கள் அதில் பாதிக்குக் கீழே ஓட்டுங்கள்.

இந்தக் கையைக் கோபாட் என்று சொல்லாதீர்கள். தொட்டது தெரியும் புலன் இதற்கு இல்லை. யூஆர் மாதிரிக் கைகள் மோட்டார் இழுக்கும் கரண்ட்டை வைத்து எங்கோ முட்டுகிறது என்று ஊகிக்கின்றன. கூகா ஈவா, பிராங்கா போன்ற வேறு கோபாட்களில் ஒவ்வொரு மூட்டிலும் முறுக்குவிசை சென்சார் உண்டு. ஒரு சர்வோவின் கம்பியில் கரண்ட் அளக்கும் ஐஎன்ஏ219 சென்சார் ஒன்று மாட்டி, கரண்ட் திடீரென்று ஏறினால் நிறுத்து என்று எழுதினால், அந்த ஊகத்துக்கு ஒரு சின்னத் தம்பி கிடைக்கும். ரோபோ கையில் ஸ்பாஞ்ச் சுற்றி, படி 1ல் வைத்த எடை மெஷின்மேல் அழுத்தவைத்து எத்தனை கிலோவில் நிற்கிறது என்று முப்பது தடவை பாருங்கள். அந்த முப்பது எண்தான் உங்கள் முதல் தரவு.

படி 6: ஆளை உட்காரவைத்துச் சோதியுங்கள்

ரோபோ கைக்கு அறிவு இன்னும் வரவில்லையே, எப்படிச் சோதிப்பது? திரைக்குப் பின்னால் உங்கள் நண்பர் உட்கார்ந்து பட்டன் அழுத்தட்டும். ஏமாற்று வேலை இல்லை. விஸார்ட் ஆப் ஆஸ் என்ற பெயரில் இந்தத் துறையில் பல காலமாக உள்ள முறை. ரோபோ இப்படி நடந்துகொண்டால் மனிதர் என்ன செய்வார் என்று, மென்பொருளுக்கு ஆறு மாதம் செலவழிக்கும் முன்பே தெரிந்துவிடும். சோதனை முடிந்ததும் திரையை விலக்கிக் காட்டிவிடுங்கள். எப்போதும் சிரிப்புத்தான் வரும்.

பத்துப் பேர் என்றால் ஐந்து பேர் முதலில் ரோபோ தாளத்தில், அப்புறம் தங்கள் தாளத்தில். மீதி ஐந்து பேர் தலைகீழாக. இல்லையென்றால் இரண்டாவதாகச் செய்தது கைபழகியதால் நன்றாக வந்ததா, முறை நல்லதா என்று பிரிக்க முடியாது. வலது கைக்காரர், இடது கைக்காரர், கண்ணாடி போட்டவர் என்று குறித்துக்கொள்ளுங்கள். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம், போனாலும் அன்றைய கூலி உண்டு என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கல்லூரியில் நெறிமுறைக் குழு இருந்தால் அவர்கள் ஒப்புதல் வாங்குங்கள். இல்லையென்றால் துறைத் தலைவரிடமாவது எழுதி வாங்குங்கள். பின்னால் கட்டுரை அனுப்பும்போது கேட்பார்கள்.

களைப்பை அளக்க நாசா டிஎல்எக்ஸ் என்ற ஆறு கேள்விப் படிவம் உலகமெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. விமானிகளுக்காகத் தொடங்கியது, புளிக்கும் ஆகும். ஆனால் அகராதித் தமிழில் மொழிபெயர்க்காதீர்கள். "மன ரீதியான தேவை எவ்வளவு" என்று கேட்டால் அந்த அக்கா உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார். "ரொம்ப யோசிக்க வேண்டியிருந்துச்சா", "அவசரப்படுத்தின மாதிரி இருந்துச்சா", "எரிச்சலா வந்துச்சா" என்று கேளுங்கள். ஓசூர்ப் பக்கம் தெலுங்கிலோ கன்னடத்திலோ கேட்க வேண்டி வரும். அதைச் சொந்தமாகப் பேசுகிற ஒருவர் கேட்கட்டும். ஒரு கண்ணி: ஆறில் "எப்படிச் செய்து முடித்தீர்கள்" என்ற கேள்விக்கு மட்டும் நன்றாகச் செய்தேன் என்பது கோட்டின் குறைந்த முனையில் இருக்கும். அதைத் தலைகீழாக நிரப்பி வைத்தவர்கள் ஏராளம்.

படிவத்தை மட்டும் நம்பி நான் ஒருமுறை ஏமாந்தேன். பத்துப் பேரில் ஒன்பது பேர் "நல்லா இருக்குங்க தம்பி" என்றார்கள். வீட்டுக்கு வந்த பிள்ளை, வெயிலில் அலைந்து எதையோ செய்து வைத்திருக்கிறது, நல்லா இல்லை என்று யார் சொல்வார்? வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ரோபோ தட்டை நீட்டும்போதெல்லாம் அந்த ஒன்பது பேரில் ஆறு பேர் இடது கையை மடிக்கு இழுத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் கொஞ்சம் கொஞ்சமாகச் சாக்கைப் பின்னால் நகர்த்தி, கடைசியில் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு நின்றுபோயிருந்தது. அன்றிலிருந்து வாய் சொன்னதைவிடக் கை சொன்னதை எண்ணுகிறேன்: எத்தனை முறை கை பின்வாங்கியது, எத்தனை முறை கண் ரோபோ பக்கம் போனது, ஆரம்பத்திலும் முடிவிலும் எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு டேப்பும் ஒரு நோட்டும் போதும்.

படி 7: இப்போது கதவைத் தட்டுங்கள்

கையில் குறிப்பு நோட்டு, முப்பது எண்கள், ஒரு வீடியோ இருக்கிறது. இனிமேல் கோர்ஸ்.

ஐடிஐ வழியில் வருகிறவர்கள்: டாட்டா டெக்னாலஜிஸோடு சேர்ந்து தமிழ்நாடு அரசு 71 அரசு ஐடிஐகளில் புதுத் தொழில்நுட்ப மையங்கள் அமைத்தது, அவற்றில் தொழில் ரோபோ பயிற்சியும் உண்டு. பக்கத்தில் எந்த ஐடிஐயில் இருக்கிறது என்று நேரில் போய்க் கேளுங்கள். பர்கூரிலும் செட்டிக்கரையிலும் அரசு பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படிக்கிறவர்கள் ஐஐடி பம்பாயின் இ-யந்திரா ரோபோ போட்டிக்கு அணியாகப் பதிவு செய்யலாம். ஐஐடிகளின் ஆன்லைன் பாடத் தளமான என்பிடெல்லில் ரோபோட்டிக்ஸ் பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். பிராஜெக்ட் செலவுக்குத் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் மாணவர் திட்டங்களுக்குச் சிறு தொகை தருகிறது. சர்வோ வாங்க அது போதும்.

நமக்கு ஒரு வசதி, சென்னையைவிடப் பெங்களூரு பக்கம். இந்திய அறிவியல் கழகத்தில் ஆண்டுக்கு ஒருமுறை, வழக்கமாகப் பிப்ரவரி கடைசி, மார்ச் வாக்கில், திறந்த நாள் வைக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் ஆய்வகத்துக்குள் போய்க் கேள்வி கேட்கலாம். அங்கே பிரதீப்தா பிஸ்வாஸ் குழு, கை கால் அசைக்கவும் பேசவும் சிரமப்படுகிறவர்கள் கண் பார்வையாலேயே ரோபோ கையை நகர்த்தும் வேலையைச் செய்திருக்கிறது. அதே வளாகத்தில் ரோபோ தொழில்நுட்பத்துக்கென உள்ள ஆர்ட்பார்க் மையத்தையும் விசாரியுங்கள். ஐஐடி டெல்லியில் கோபாட்டுக்கென்றே ஐ-ஹப் என்ற மையம் இருக்கிறது. ஐஐடி மெட்ராஸில் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆள் இறங்காமல் இருக்க ஹோமோசெப் என்ற எந்திரத்தைச் செய்தார்கள்; அதை இயக்குவதும் துப்புரவுத் தொழிலாளர்களே. அங்கே எம்.எஸ். என்ற ஆராய்ச்சிப் பட்டம் உண்டு, பாடத்தைவிட ஆய்வு அதிகம். இந்தத் துறைக்கு எம்.டெக்.கைவிட அது பொருந்தும் என்பேன்.

கோடையில் இரண்டு மாதம் ஆய்வகத்தில் இருக்க, இந்திய அறிவியல் அகாடமியின் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை இருக்கிறது. மாணவர், ஆசிரியர் இருவருக்கும். விண்ணப்பம் வழக்கமாக முந்தைய ஆண்டுக் கடைசியிலேயே முடிந்துவிடும். தீபாவளி முடிந்ததும் தேடத் தொடங்குங்கள்.

பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல் எட்டு வரிக்குள் இருக்கட்டும். "மரியாதைக்குரிய ஐயா, எனக்குச் சிறுவயது முதலே ரோபோக்கள்மீது ஆர்வம்" என்று ஆரம்பிக்காதீர்கள், அவர் ஒரு நாளைக்கு இருபது அப்படிப் படிக்கிறார். இப்படி ஆரம்பியுங்கள்: "தருமபுரியில் புளி தட்டும் பத்துப் பேரோடு, தட்டு நீட்டும் ரோபோ கையைச் சோதித்தேன். ஒன்பது பேர் பிடித்திருக்கிறது என்றார்கள், ஆறு பேர் கையை இழுத்துக்கொண்டார்கள். உங்கள் இந்தக் கட்டுரையில் தூரத்தை அளந்த முறையை இதற்குப் பயன்படுத்தலாமா என்று தெரிந்துகொள்ள வேண்டும்." ஒரே ஒரு வீடியோ இணைப்பு, இரண்டு நிமிடம். அவர் கட்டுரையை உண்மையிலேயே படித்திருக்க வேண்டும், அடுத்த மடலில் மாட்டிக்கொள்வீர்கள். பதில் வரவில்லையென்றால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள், அப்புறம் அடுத்தவருக்கு எழுதுங்கள்.

இது எல்லாவற்றுக்கும் முன்னால், தை பிறந்ததும் பக்கத்து ஊரில் புளி குத்தகை எடுத்தவர் யார் என்று விசாரித்து, வந்து உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டு வையுங்கள். சீசன் இரண்டு மூன்று மாதம்தான்.